நாவல் திருத்தும் அலுவலகத்திற்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: அமைதிப் பேச்சுவார்த்தைக் குழு, மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாமக்கல்.

பொருள்: இலக்கியம் – நூல் மீதான வாசகர் கருத்தை நெறிப்படுத்துதல் – குழுவின் அரும்பணியைப் பாராட்டுதல் – சில ஐயங்களுக்குத் தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 12.01.2015 நாளிட்ட அமைதிப் பேச்சுவார்த்தை.

சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த பெருமையை மதுரை மட்டுமே நெடுங்காலம் வைத்துக்கொண்டிருந்த நிலையில், வருவாய்த் துறையைக் கொண்டும் தமிழ் நூல்களைத் திருத்த முடியும் என்பதை நாமக்கல் மாவட்டம் மேற்படி நாளில் நிறுவிக் காட்டியது. அமைதிப் பேச்சுவார்த்தை என்பது, தேர் எந்தத் தெரு வழியாகப் போவது, சுடுகாட்டுப் பாதை யாருக்கு உரியது என்பன போன்ற பூசல்களில் இரு தரப்பையும் வட்டாட்சியரோ கோட்டாட்சியரோ அழைத்து உட்காரவைத்து, சட்டம் ஒழுங்கு கெடாமல் கையொப்பம் வாங்கி அனுப்பிவைக்கும் நிருவாக முறையாகும். அம்முறையை ஒரு நாவலுக்கும் நீட்டித்த துணிவு சங்கப் பலகையில் அமர்ந்த எந்தப் புலவருக்கும் வாய்த்ததில்லை.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010ஆம் ஆண்டின் இறுதியில் காலச்சுவடு வெளியீடாக வந்தது. காளி, பொன்னா என்னும் குழந்தையில்லாத தம்பதியரை ஊரும் உறவும் படுத்தும் பாட்டைச் சொல்லும் அந்நாவல், திருச்செங்கோட்டு வைகாசித் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், பிள்ளைப்பேறு வேண்டிப் பெண்கள் முன்பின் அறியாத ஆடவரைக் கூடியதாகச் சொல்லப்படும் ஒரு பழைய வழக்கத்தை நடுவில் வைத்து நகர்கிறது. நூல் கடைகளில் கிடந்தது, விற்றது, 2013இல் ஆங்கிலத்துக்கும் போனது. நான்கு ஆண்டுகளாக ஊர் அமைதியாகவே இருந்தது. 2014 டிசம்பரில் அதன் சில பக்கங்கள் மட்டும் செராக்ஸ் எடுக்கப்பட்டுத் திருச்செங்கோட்டில் வீதிவீதியாகக் கொடுக்கப்பட்ட பிறகுதான் மனங்கள் புண்பட்டன, படிகள் எரிக்கப்பட்டன, கடைகள் அடைக்கப்பட்டன. எனவே ஒரு நாவல் அட்டையும் தைப்பும் உள்ளவரை தீங்கற்றது, செராக்ஸ் கடைக்குள் நுழைந்து வெளியே வந்ததும் கொடியதாகிவிடுகிறது என்பது இந்நிகழ்வால் பெறப்படும் முதல் இலக்கியக் கோட்பாடாகும்.

புண்பட்டவர்களின் வருத்தம் பொய் என்று இவ்விண்ணப்பம் வாதிடவில்லை. தம் ஊரின் பெயரையும் தம் சாமியின் திருவிழாவையும் இப்படி ஒரு கதைக்குள் காணும் ஒருவர் கொதிப்பதும், ஆதாரம் எங்கே என்று கேட்பதும், நூலைத் தாளித்து ஒரு மதிப்புரை எழுதுவதும் வாசகரின் உரிமையே. அடுத்த பதிப்பில் ஊர்ப்பெயரை நீக்கிவிடுவதாக நூலாசிரியரும் பேச்சுவார்த்தைக்கு முன்னரே அறிவித்திருந்தார். ஐயம் எழுவது வாசகரைப் பற்றியல்ல, நடுவரைப் பற்றியே. சேலத்திலுள்ள சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்திற்கு வரும் ஜவ்வரிசியைக்கூட, மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்துத் தரம் பார்க்காமல் விற்பனைக்கு விடுவதில்லை என்றிருக்க, இந்நாவலை முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்தவர் எவர் என்ற கேள்வி அன்று எந்த நிலையில் எழுப்பப்பட்டது என்பதைக் குழு தெளிவுபடுத்தினால் நலம்.

பழந்தமிழர் இவ்விடத்தில் சற்றுப் பின்தங்கியே இருந்தனர். அரங்கேற்றம் என்பது, நூலை இயற்றியவர் அதைக் கற்றோர் அவையில் வாசித்து, எழுப்பப்படும் தடைகளுக்கு விடை சொல்லி, ஒப்புதல் பெறும் முறையாகும். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் தொல்காப்பியத்தைக் கேட்டவர் அதங்கோட்டாசான் என்று பனம்பாரனாரின் பாயிரம் பெயர்சுட்டிச் சொல்கிறது. குறை கண்டவர் யார், அவருக்கு என்ன தகுதி, எந்த அவை என்பவையெல்லாம் நூலோடு சேர்ந்தே வாழ்கின்றன. நாமக்கல் முறையில் இத்தொல்லைகள் இல்லை. அவைக்கு வெளியே நிற்கும் கூட்டத்தின் அளவே தகுதியாகவும், அதன் இரைச்சலே தடையாகவும், ஊரில் அமைதி வேண்டுமா வேண்டாமா என்பதே எல்லாத் தடைக்கும் விடையாகவும் கொள்ளப்பட்டன.

குழுவின் மொழிநடைப் புலமையும் பாராட்டுக்குரியது. நூலாசிரியர் வருத்தம் தெரிவிக்க முன்வந்தபோது அது போதாதென்று தள்ளப்பட்டு, நிபந்தனையற்ற மன்னிப்பு என்று திருத்தி எழுதப்பட்ட பிறகே கையொப்பம் ஏற்கப்பட்டது. ஒரு நாவலைச் செம்மைப்படுத்தக் கூடிய அவை அன்று செம்மைப்படுத்திய ஒரே பிரதி அந்த மன்னிப்புக் கடிதம்தான். சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குவது, விற்காத படிகளைத் திரும்பப் பெறுவது என்னும் உறுதிமொழிகளும் அதில் அடக்கம். விளைவோ கேட்டதற்கு மேலேயே கிடைத்தது: சில பக்கங்களை நீக்கச் சொன்ன குழுவுக்கு, ‘ஏறுவெயில்’ தொடங்கித் தாம் எழுதிய நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரை அனைத்தையும் திரும்பப் பெறுவதாகவும், பெருமாள்முருகன் என்னும் எழுத்தாளர் இறந்துவிட்டதாகவும் ஓரிரு நாளில் முகநூல் வழியே அறிவிப்பு வந்து சேர்ந்தது. கொங்கு வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியே போட்ட ஒருவரிடம், இனி அச்சொற்களில் எதையும் எழுதுவதில்லை என்ற முடிவை ஒரே அமர்வில் பெற்ற அலுவலகம் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

இத்தகைய சாதனையைச் சென்னை உயர் நீதிமன்றம் உரிய முறையில் மதிக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் அடங்கிய அமர்வு 5.7.2016 அன்று வழங்கிய தீர்ப்பு, மேற்படி உடன்பாடு எவரையும் கட்டுப்படுத்தாது என்றது. நூல் பிடிக்காதவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகலாம் என்னும் பொருள்பட, நிருவாகத்திற்கு வேலையே வைக்காத ஒரு வழியையும் காட்டியது. இத்தகைய பூசல்களில் கருத்துச் சொல்லக் கலை, இலக்கியம் அறிந்தோரைக் கொண்ட வல்லுநர் குழு ஒன்றை அமைக்கவும் அரசைப் பணித்தது. அத்தகைய குழுவில் அமர்வோர் நூலை முழுவதும் படிக்க வேண்டியிருக்கும். குறையைப் பக்க எண்ணோடு எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கும். நூலாசிரியரின் மறுமொழியையும் அதே கோப்பில் சேர்க்க வேண்டியிருக்கும். இவ்வளவு சுமை எந்த நிருவாகத்திற்கும் அடுக்காது. ஆகவே குழு தன் பழைய முறையையே நிலைநிறுத்த விரும்பினால், படிக்காமலே குறை காண்போருக்கெனத் தனிப் படிவம் ஒன்றை அச்சிட்டு, அதில் நூலின் பெயரை எழுதுமிடத்தைத் தேவையில்லை என அடித்துவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இறுதியாக ஒரு தகவலும் குழுவின் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது. தீர்ப்புக்குப் பின் அதே ஆண்டில் அவ்வெழுத்தாளர், மனிதரைப் பற்றி எழுதவும் அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுதப் பேரச்சம் என்று முன்னுரையிலேயே ஒதுங்கிக்கொண்டு, ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ என்னும் நாவலை வெளியிட்டுள்ளார். அதில் ஆட்டுக்குட்டிக்குக் காது குத்திப் பதிவு செய்ய, அலுவலர் முன் கேள்விகளுக்குப் பதில் சொல்லியபடி வரிசையில் நிற்கும் இடம் ஒன்று வருகிறது. இந்நாவல் குறித்து ஆடுகள் தரப்பிலிருந்து இதுநாள்வரை ஆட்சேபணை மனு ஏதும் வரப்பெறவில்லை.

இப்படிக்கு,
நூலை முழுவதும் படித்தோர் தரப்பு.