மாசியை மரக்கறி என்று அறிவித்துவிடுங்கள்

அனுப்புநர்: நோட்டன் பிரிட்ஜில் குடியிருக்கும் ஒரு மரக்கறிக்காரன்.

பெறுநர்: தலைவர் அவர்கள், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, கொழும்பு.

விடயம்: மாசிக் கருவாட்டை மரக்கறி வகையில் சேர்த்து வர்த்தமானியில் பிரசுரிக்கக் கோருதல்.

கனம் ஐயா,

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் அரிசிக்கு உச்ச விலை வைக்கிறீர்கள், தண்ணீர்ப் போத்தலுக்கு உச்ச விலை வைக்கிறீர்கள், மீறிய கடைக்காரரை நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போகிறீர்கள். இத்தனை வேலைக்கு நடுவில் நான் கேட்பது ஒரே ஒரு வரி. யாரையும் பிடிக்க வேண்டாம், தண்டம் அறவிட வேண்டாம், எந்தக் கடைக்கும் சீல் வைக்க வேண்டாம். 'மாசி ஒரு மரக்கறி' என்று அச்சடித்துவிட்டால் போதும். இந்த மலையில் உள்ள சாப்பாட்டுக் கடைகளில் பாதி ஒரே இரவில் சைவக் கடையாகிவிடும். நானும் மனச்சாட்சிக்குப் பங்கமில்லாமல் ஒரு பிளேட் சோறு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன்.

தாங்கள் கொழும்பில் இருப்பவர். நினைத்தால் பம்பலப்பிட்டிப் பக்கம் போய் வாழையிலையில் சாப்பிடலாம். கண்டிக்காரருக்கு பாலாஜி தோசை இருக்கிறது, யாழ்ப்பாணத்தாருக்கு மலாயன் கபே இருக்கிறது. எங்களுக்கு இருப்பது அணைக்கட்டும் மின் நிலையமும், நாலு சாப்பாட்டுக் கடையும். அப்படியொரு கடையில் பகல் சாப்பாட்டு நேரத்தில் நடந்த உரையாடலை உள்ளபடி தருகிறேன்.

"தம்பி, மச்சம் இல்லாம என்ன இருக்கு?"

"எல்லாம் இருக்குண்ணே. பருப்பு, கிழங்கு, போஞ்சி, கங்குன், சம்பல்."

"மாசி போட்டிருக்கா?"

"பருப்புல மட்டுந்தாண்ணே. கங்குன்ல கொஞ்சம். சம்பல்ல சும்மா வாசத்துக்கு."

"கிழங்குல?"

"கிழங்குல ஒண்ணுமில்ல." சொல்லிவிட்டு அவனுக்கே சந்தேகம் வந்து, குசினிப் பக்கம் திரும்பிக் கேட்டான்: "கிழங்குல போட்டியா?"

உள்ளேயிருந்து சமையல்காரர் நேர்மையாகப் பதில் சொன்னார்: "நேத்து போடல."

அந்தக் கிழங்கையே வாங்கினேன். கறி வைக்க வந்த அகப்பை பக்கத்துச் சட்டியில் மீன் குழம்புக்குள் குளித்துவிட்டு அப்படியே சொட்டச் சொட்ட வந்தது. தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். கிலோ பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற சாமான் மாசி. மேலதிகக் காசு வாங்காமல் அதை மரக்கறிக்காரன் தட்டில் போடுகிறான் என்றால் அது பெரிய மனசு. சட்டம்தான் அவனுடைய மனசுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது.

கொத்துக் கடைக்கும் போய்ப் பார்த்தாயிற்று. மரக்கறிக் கொத்து என்று சொன்னால், சொல்லி வாய் மூடுமுன் தகட்டில் இரண்டு முட்டை உடைந்து கிடக்கும். முட்டை வேண்டாம் என்று கத்தினால் அதைச் சுரண்டி ஓரத்தில் தள்ளிவிட்டு, போன ஆளுக்குக் கொத்திய கோழியின் எண்ணெயிலேயே நம்முடைய கோவாவைப் போடுவார்கள். கொத்துகிற தகடுகளின் சத்தத்தில் நம்முடைய கொள்கை யாருக்கும் கேட்காது. கோவாவுக்குள்ளிருந்து ஓர் எலும்புத் துண்டை எடுத்துக் காட்டியபோது கொத்துக்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம கொத்துல உள்ளது இல்லீங்க, முந்தின கொத்துல உள்ளது" என்றார். பிழையில்லாத தீர்ப்பு.

இந்தப் பக்கத்தில் ஒருவன் மரக்கறி சாப்பிட மூன்று காரணங்கள்தான் செல்லும். விரதம், வருத்தம், ஐயர் தொழில். மூன்றுமில்லாமல் சும்மா சாப்பிடுகிறேன் என்றால் நம்ப ஆளில்லை. "வெள்ளிக்கிழமை இல்லையே?" என்று கேட்பார்கள். "காப்புக் கட்டியிருக்கீங்களா?" என்று மணிக்கட்டைப் பார்ப்பார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "சீனி எவ்வளவுண்ணே இருக்கு?" என்று நலம் விசாரிப்பார்கள். சர்க்கரை வருத்தக்காரன் என்று ஒத்துக்கொண்டால்தான் பருப்பைத் தனியாக எடுத்துத் தருகிறார்கள். பொய் சொன்னால் மரக்கறி கிடைக்கிறது, உண்மை சொன்னால் மாசி கிடைக்கிறது. ஒரு குடிமகனை இந்த நிலையில் விட்டுவைப்பது தங்கள் சபைக்கு அழகல்ல.

மீனை எப்படி மரக்கறியாக்குவது என்று தங்கள் சட்டப் பிரிவு தயங்கக்கூடும். முன்மாதிரி இருக்கிறது ஐயா. அமெரிக்காவில் 1883ஆம் ஆண்டு வரிச் சட்டம் இறக்குமதியாகும் மரக்கறிக்குத் தீர்வை விதித்தது, பழத்துக்கு விதிக்கவில்லை. தக்காளி பழம்தானே என்று ஒரு வியாபாரி வழக்குப் போட்டார். 1893இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: தாவரவியல்படி அது பழமாக இருக்கலாம், ஆனால் சனங்கள் அதைச் சாப்பாட்டோடுதான் தின்கிறார்கள், சாப்பாட்டுக்குப் பிறகு தின்பதில்லை, ஆகவே மரக்கறி. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் ஜாம் செய்யும் காரியத்துக்காக கரட்டைப் பழம் என்று எழுதி வைத்தது. விஞ்ஞானத்தை விட்டுவிட்டு வழக்கத்தைப் பார்ப்பதுதான் வல்லரசுகளின் முறை. வழக்கத்தைக் கேட்டால் எங்கள் பஸார் முழுதும் சாட்சிக்கு வரும். மீன் என்றால் குழம்பில் மிதக்க வேண்டும், கண் இருக்க வேண்டும், முள் குத்த வேண்டும். மாசிக்கு இதில் ஒன்றுமில்லை. சூரை மீனை அவித்து, புகை காட்டி, விறகுக் கட்டை மாதிரி ஆகும்வரை வெயிலில் காயவைத்து, உரலில் போட்டு இடித்த பிறகு, அது மீனாக இருந்த ஞாபகம் அதற்கே இருக்காது.

சரித்திரமும் என் பக்கம்தான். அரபுப் பயணி இபின் பதூதா மாலைதீவில் காதி நீதிபதியாக இருந்தபோது இந்த மீனைச் சாப்பிட்டு, அது இந்தியா, சீனம், யெமன் வரைக்கும் ஏற்றுமதியாவதை எழுதி வைத்தார். அங்கிருந்து 1344இல் இலங்கைக்கு வந்து சிவனொளிபாதமலை ஏறினார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும் ஆட்களும் கொடுத்து, துணைக்கு யோகிகளையும் பிராமணர்களையும் அனுப்பினார். அந்தப் பிராமணர்கள் வழியில் எங்கே சாப்பிட்டார்கள், அகப்பை எந்தச் சட்டியிலிருந்து வந்தது என்பதையெல்லாம் அந்த மனிதர் எழுதாமல் விட்டுவிட்டார். இன்றைக்கும் சீசன் தொடங்கினால் கினிகத்தேனை வழியாக வரும் பஸ்கள் பல நோட்டனைத் தாண்டி மஸ்கெலியாவுக்கும் நல்லதண்ணிக்கும் போகின்றன. மார்கழி முதல் வைகாசி வரை, மச்சம் விலக்கி மலையேறும் சனங்கள் வழிக்கடைகளில் இறங்கிச் சம்பலும் ரொட்டியும் தின்கிறார்கள். தங்கள் ஒரு வரி அறிவித்தல் இத்தனை பேருடைய புண்ணியத்தையும் பின்தேதியிட்டுக் காப்பாற்றும்.

அற நூல்களிலும் தடையில்லை. வள்ளுவர் புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரமே பாடினார். பத்துக் குறளிலும் மாசி என்ற பேச்சு இல்லை. போயா தினத்தில் இறைச்சிக் கடையையும் சாராயக் கடையையும் மூடுகிறார்கள். அன்றைக்கு யாராவது மாசியோடு பிடிபட்டதாக நான் பத்திரிகையில் படித்ததில்லை. அரசாங்கமே பாதி ஒத்துக்கொண்ட விடயம், மீதியைத்தான் கேட்கிறேன்.

வேறு நாட்டு வழிகளையும் யோசித்தேன். இந்தியாவிலிருந்து வரும் ஊறுகாய்ப் போத்தலைப் பார்த்திருப்பீர்கள், சைவத்துக்குப் பச்சைப் புள்ளி. தாய்வானில் சைவப் பொட்டலங்களை முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எல்லாம் பார்த்து ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். நம்முடைய சுகாதார அமைச்சு 2016இல் குளிர்பானப் போத்தல்களில் சீனிக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போட வைத்ததல்லவா? வர்த்தமானி கஷ்டமென்றால் அதே வட்டங்களைச் சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுவாருங்கள். சிவப்பு: மாசித் துண்டு கண்ணுக்குத் தெரிகிறது. மஞ்சள்: தூளாக இருக்கிறது. பச்சை: நேற்று போடவில்லை.

வீட்டில் சமைத்துச் சாப்பிடேன் என்று தாங்கள் கேட்கலாம். சாப்பிடுகிறேன். கடையில் சோயா மீட் வாங்கினால் ஒன்று கோழிச் சுவை, ஒன்று ஆட்டிறைச்சிச் சுவை, ஒன்று கணவாய்ச் சுவை. வீட்டில் நான் கணவாய் வேடம் போட்ட சோயாவைத் தின்கிறேன். கடையில் மரக்கறி வேடம் போட்ட மீனைத் தின்கிறேன். இரண்டிலும் ஒரு நாடகக்காரனின் ஒத்துழைப்பு தேவைப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பிரதேசத்தில் மாசி இல்லாத சம்பல் இரண்டு இடங்களில் உத்தரவாதமாகக் கிடைக்கிறது. ஒன்று, வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற பழைய துரை பங்களாக்கள். அங்கே விருந்தாளி 'வீகன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தனிச் சட்டி, தனி அகப்பை, தனி அம்மி. சமையல்காரர் வெளியே வந்து கைகட்டி நின்று சம்பலில் என்னென்ன இருக்கிறது என்று ஒப்பிக்கிறார். கோதுமை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பருப்பு. அங்கே ரொட்டி டொலரில் விலைபோகிறது. மற்றது, அந்த பங்களாவுக்குக் கீழே உள்ள லயம். அங்கேயும் அதே ரொட்டி, அதே சம்பல். கொழுந்து எடுக்கப் போகிற அக்கா விடியற்காலையில் சுட்டு, துணியில் சுற்றி, மலைக்குக் கொண்டுபோகிறார். அதில் மாசி கிடையாது, தேங்காயே சில நாள் கிடையாது, வெங்காயமும் கொச்சிக்காயும்தான். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் ஏறிய அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அதில் மாசி வாங்கி இடிக்க யாரால் முடியும்? சபை இதை ஒரு சாதனையாகப் பதிவு செய்துகொள்ளலாம். உலகமெல்லாம் பிரசாரம் செய்தும் வராத சுத்த மரக்கறிச் சாப்பாட்டை இங்கே கம்பெனிகள் சம்பளப் பட்டியலாலேயே கொண்டுவந்துவிட்டன. சம்பள நாளில்தான் அக்கா டவுனுக்கு வந்து, கடையில் உட்கார்ந்து, மீன் சோறு வாங்கி ஆசையாகச் சாப்பிடுகிறார். அவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து நான் மாசி இல்லாத பருப்புக்குச் சண்டை பிடிக்கும்போது அவர் என்னைப் பார்க்கிற பார்வைக்குத் தங்கள் சட்டத்தில் பிரிவு ஏதும் உண்டா என்று தெரியவில்லை.

அவசரப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊர் மின் நிலையத்துக்குப் பெயர் தந்த பொறியியலாளர் விமலசுரேந்திர, இந்த ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் கட்டுரை வாசித்தார். லக்ஷபானவில் மின்சாரம் வந்தது 1950இல். முப்பத்திரண்டு வருடம். அவருக்கு மலைநாட்டு ஆறே சாட்சியாக இருந்தது, எனக்கு இருப்பது ஒரு கிழங்குக் கறி. ஆகவே அதே கணக்கில் தாங்கள் பதில் போட்டாலும் வருத்தமில்லை. அதுவரை பிளேன்டியும் கதலி வாழைப்பழமும் வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன். இரண்டிலும் மாசி போடும் யோசனை இன்னும் யாருக்கும் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
நோட்டன் பிரிட்ஜ் மரக்கறிக்காரன்.

பிரதிகள்: சுகாதார அமைச்சு (வட்டங்களுக்காக), கொழும்பிலுள்ள மாலைதீவு உயர்ஸ்தானிகராலயம் (வாழ்த்துச் செய்திக்காக).

பி.கு.: முட்டையைப் பற்றித் தனிக் கடிதம் தயாராகிறது.