லிங்கராஜபுரம் பேஸ் புராணம்

புராணம் என்றால் முதலில் காப்புச் செய்யுள் வேண்டும். பேஸ் கிட்டார்காரனைக் காக்க எந்தத் தெய்வமும் இதுவரை முன்வராததால் நேரே கதைக்குப் போகிறோம்.

அவதாரப் படலம்

ஆதியில் டபுள் பேஸ் இருந்தது. ஆளைவிட உயரம். கச்சேரிக்குக் கிளம்பினால் வண்டியில் அதற்கு இடம் இருக்கும், வாசிப்பவனுக்கு இருக்காது. அவ்வளவு பாடுபட்டு மேடையேற்றினாலும் டிரம்ஸ் சத்தத்தில் அது என்ன பேசுகிறதென்று யாருக்கும் கேட்காது. இந்த அவதியைக் கண்டு மனமிரங்கியவர் கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர். 1951இல் ஒரு பலகையை அறுத்து, 34 அங்குல அளவில் நான்கு கம்பி இழுத்து, அடியில் காந்தச் சுருளை வைத்து, விரல் தவறினாலும் சுருதி தவறாமலிருக்க ஃபிரெட் அடித்தார். 'பிரிசிஷன் பேஸ்' என்று பெயர் சூட்டினார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. தோசைக்கல் வார்ப்பவருக்குத் தோசை வார்க்கத் தெரிந்திருக்க வேண்டுமா என்ன?

அடியார் படலம்

பெரிய பேஸ் அடியார்கள் எல்லாரும் காடு மலை சுற்றித் தவமிருந்து தங்கள் வாத்தியத்தை அடைந்தார்கள் என்பது பக்தர்களின் நம்பிக்கை. நடந்ததைக் கேளுங்கள்.

பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்கில் கடை ஏறியபோது ஃபெண்டர் வாங்கக் கையில் காசில்லை. சுமார் முப்பது பவுண்டுக்கு வயலின் உடம்போடு ஒரு ஜெர்மன் ஹோஃப்னர் தொங்கியது. இரண்டு பக்கமும் ஒரே வடிவம், இடக்கைக்காரர் மாட்டினாலும் கோணலாகத் தெரியாது. வாங்கிவிட்டார். அதை 1972இல் லண்டனில் வேனிலிருந்து எவனோ அடித்துக்கொண்டு போக, ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது.

'யெஸ்' குழுவின் கிறிஸ் ஸ்கொயர், வாத்தியக் கடை ஊழியர். ஊழியர் தள்ளுபடியில் ரிக்கன்பேக்கர் வாங்கினார். பிறகு அதன்மேல் பூப்போட்ட வால்பேப்பரை ஒட்டினார், உரித்தார், சுரண்டினார், பெயிண்ட் அடித்தார். கட்டையே இளைத்துப் போனது. அந்த இளைப்பில்தான் ஒலி இருக்கிறது என்று வருங்காலப் பக்தர்கள் ஆராய்ச்சி செய்வார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

லெமி 1971இல் கிட்டார்காரராகச் சேரும் ஆசையில் 'ஹாக்விண்ட்' குழுவிடம் போனார். அவர்களுடைய பேஸ்காரர் வரவில்லை, ஆனால் அவருடைய பேஸ் வண்டியில் கிடந்தது. எடுத்து மாட்டினார், வாழ்க்கை முடிவாகிவிட்டது. இது அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கதை. பின்னாளில் தன் 'மோட்டர்ஹெட்' குழுவின் மேடையில் மார்ஷல் ஆம்ப்பில் பேஸ் குமிழைப் பூஜ்யத்தில் வைத்துப் பேஸ் வாசித்தார்.

'ரஷ்' குழுவின் கெடி லீ கலமஸூ என்ற ஊரின் அடகுக் கடையில் 200 டாலருக்கு 1972ஆம் வருஷத்து ஃபெண்டர் ஜாஸ் பேஸை எடுத்தார். கலமஸூ, ஃபெண்டரின் பரம எதிரியான கிப்சன் கம்பெனியின் சொந்த ஊர்.

ஆக அடியார்கள் வரிசையில் ஒருவர் ஏழை, ஒருவர் தள்ளுபடி, ஒருவர் தற்செயல், ஒருவர் அடகுக் கடை. இந்தக் கதைகளில் யாரும் இன்னொருவர் ஒலி வேண்டுமென்று கண்ணீர் விட்டுக் கடை வாசலில் நிற்கவில்லை. அந்தத் திருப்பணி நமக்கென்று ஒதுக்கப்பட்டது.

லிங்கராஜபுரப் படலம்

பெங்களூரில் ஒருபக்கம் குக் டவுன், ஒருபக்கம் கம்மனஹள்ளி, நடுவே ரயிலைத் தாண்டும் மேம்பாலம் என்று இருக்கும் லிங்கராஜபுரத்தில் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். கொஞ்சம் தள்ளி, ஃபிரேசர் டவுன் பக்கம் சிகரெட் தொழிற்சாலை இருந்தது. இந்திய ராக் இசைக்குப் பால் வார்த்தது சிகரெட் கம்பெனிதான் என்பதை இன்றைய டாக்டர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 'சிம்லா' சிகரெட்டை விற்பதற்காக இம்பீரியல் டொபாக்கோ நடத்திய சிம்லா பீட் போட்டிகளிலிருந்து 1970, 71 வருஷங்களில் இசைத்தட்டுகளே வெளிவந்தன.

இசை வந்தது, வாத்தியம் வரவில்லை. வெளிநாட்டுப் பேஸ் வேண்டுமென்றால் பெர்த்தில் இருக்கும் அத்தையோ துபாயில் இருக்கும் மாமாவோ மனது வைக்க வேண்டும். அத்தை சாக்லேட் கொண்டுவந்தார். நுகர்பொருள் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் கடைசி மிச்சங்களை அரசாங்கம் 2001 ஏப்ரல் 1 அன்றுதான் விலக்கியது. தேதியைக் கவனிக்கவும். அதுவரை கதி கல்கத்தாவில் செய்த பேஸ்தான்.

"மச்சா, எனக்கு ஸ்டீவ் ஹாரிஸ் சவுண்டு வரணும்."

"எதுல?"

"இந்தக் கல்கத்தா பேஸ்ல."

"அதுல கல்கத்தா சவுண்டே சரியா வரலையே மச்சா."

ஹாரிஸ் பேஸ் வாசிக்கும் ஐயன் மெய்டன் குழுவின் ஒலி இப்படித்தான் இருக்கும் என்று லிங்கராஜபுரத்துப் பையன்களுக்கு எப்படித் தெரியும்? கேசட்டில் கேட்டார்கள். அது காப்பியின் காப்பி. அதில் ரிக்கன்பேக்கரும் ஒன்றுதான், ஃபெண்டரும் ஒன்றுதான், பக்கத்து வீட்டு கிரைண்டரும் ஒன்றுதான். டேப்பின் இரைச்சலையும் சேர்த்துத்தான் ஹாரிஸின் கைவண்ணம் என்று நம்பி அதையும் வரவழைக்கப் பாடுபட்டவர்கள் உண்டு. 1993இல் அலகாபாத்திலிருந்து 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' வரத் தொடங்கியபின் படமாவது பார்க்கக் கிடைத்தது.

கம்பி மந்தமாகிவிட்டால் புதுக் கம்பிக்கு ஏது பணம்? வேகவைத்தார்கள். நான்கு கம்பியையும் கழற்றி, வளையமாகச் சுற்றி, குண்டானில் போட்டு, தண்ணீர் கொதிக்க விட வேண்டும். ரவுண்ட்வவுண்ட் என்னும் சுற்றுக்கம்பியின் இடுக்கில் சேர்ந்த வியர்வையும் அழுக்கும் பழுப்பு நிறத்தில் மேலே மிதந்து வரும். துடைத்து உலர்த்தி மாட்டினால் சில நாளைக்குக் கணீரென்று பேசும். "இன்னாடா, கம்பியெல்லாம் வேக வெக்கிற? அதுல நாளைக்குச் சோறு ஆக்கணும்டா" என்ற அம்மாவின் குரலும் அந்த ஒலியில் ஓர் அங்கம்.

ஆம்ப்? பேஸ்காரர்களின் குருகுலம் சர்ச். அங்கே அஹூஜா ஒலிபெருக்கிப் பெட்டி இருந்தது. சனிக்கிழமை கல்யாணத்துக்குப் போன அதே அஹூஜா, ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரின் பிரசங்கத்தையும் பேஸையும் சேர்த்தே முழக்கும். பேஸ் தனியாகக் கேட்க வேண்டுமென்றால் பாஸ்டர் மூச்சு விடும்வரை காத்திருக்க வேண்டும்.

திருக்காட்சிப் படலம்

2007 மார்ச் 17. பேலஸ் கிரவுண்ட்ஸில் ஐயன் மெய்டன். வெயிலில் கறுப்பு டீ ஷர்ட்டோடு லிங்கராஜபுரமும் போய் நின்றது. ஸ்டீவ் ஹாரிஸ் மானிட்டர்மேல் ஒரு காலை வைத்து, பேஸைத் துப்பாக்கி மாதிரி கூட்டத்தை நோக்கி நீட்டினார். விரல்களின் தாளத்தில் குதிரை ஓடியது.

பிறகுதான் பேரிடி. அவர் மாட்டுவது பிளாட்வவுண்ட் கம்பி! ஜாஸ் வாசிக்கும் தாத்தாக்கள் மாட்டும் மழமழ கம்பி. கம்பியைத் தாழ இறக்கிவைத்து விரலாலேயே ஓங்கி அடிப்பார். அது ஃபிரெட்டில் மோதித் தெறிப்பதுதான் அந்த 'கடகட'. இத்தனை வருஷம் குண்டான் குண்டானாகச் சுற்றுக்கம்பியை வேகவைத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! இதில் இன்னொரு வேடிக்கை: ஹாரிஸ் கச்சேரிக்குக் கச்சேரி கம்பி மாற்றுகிறவர். அதே பிளாட்வவுண்டை டெட்ராய்ட்டில் மாட்டிய மோட்டவுன் மகான் ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டார். அழுக்கில்தான் பாட்டு இருக்கிறது என்பது அவர் சித்தாந்தம்.

நூற்பயன்

இப்புராணத்தைப் படித்தோர் அடையும் பலன்கள்:

மெக்கார்ட்னி ஒலி வேண்டுவோர் உள்ளீடற்ற, எடை குறைந்த வயலின் பேஸ் வாங்குக. அசலுக்குச் சொத்தை எழுதிக்கொடுக்க வேண்டாம். அவரும் மலிவென்றுதான் வாங்கினார்.

ஸ்கொயர் வேண்டுவோர் இரண்டு பிக்கப் உள்ள பேஸ், புதுச் சுற்றுக்கம்பி, பிக் மூன்றும் கொள்க. வால்பேப்பர் அவரவர் விருப்பம்.

கெடி லீ வேண்டுவோர் ஜாஸ் பேஸ் வகையில் செகண்ட் ஹேண்ட் தேடுக.

ஹாரிஸ் வேண்டுவோர் எந்தப் பிரிசிஷன் வகைப் பேஸிலும் பிளாட்வவுண்ட் மாட்டி, விரல் காய்க்கும்வரை குதிரை ஓட்டுக. செலவில் பெரும்பகுதி விரலுக்கு.

ஜேமர்சன் வேண்டுவோர் எதுவும் வாங்க வேண்டாம். இருக்கும் கம்பியை மாற்றாமலிருந்தால் போதும்.

லெமி வேண்டுவோர் ஆம்ப்பில் பேஸையும் டிரெபிளையும் சுத்தமாகக் குறைத்து, நடுக் குமிழை முழுக்கத் திருப்புக. அதற்கு முன்பே வீட்டு ஓனரிடம் பத்து மாச அட்வான்ஸைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்க.