இன்னொரு கல் போடலாமா?

கே: சாரல் விழுந்துவிட்டால் என் புரோட்டாக் கடையில் உட்கார இடம் இருப்பதில்லை. பழைய குற்றாலம் ரோட்டில் இன்னொரு கடை எடுக்கலாமா? (செங்கோட்டை வாசகர்)

ப: ஆனி, ஆடியில் வருபவர்கள் அருவிக்கு வந்தவர்கள், குளித்த பசியில் உங்கள் கடைக்கும் வருகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். பாறை காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனியில் யார் வந்து இலை போடச் சொல்கிறார்களோ, அவர்கள்தான் உங்கள் வாடிக்கை. அந்த இரண்டு மாதக் கல்லாவில் புதுக் கடைக்கு வாடகையும் சம்பளமும் தேறுமென்றால் அட்வான்ஸ் கொடுங்கள். தேறாவிட்டால் சீசனுக்கு மட்டும் இன்னொரு கல்லும் நான்கு பெஞ்சும் போதும்.

கே: நான் துணிந்து இரண்டாவது கடை போட்டுவிட்டேன். மாஸ்டர் அங்கே போனால் இங்கே ருசி போகிறது. இங்கே வந்தால் அங்கே ஈ ஓட்டுகிறோம். (தென்காசி வாசகர்)

ப: கடை இரண்டாகிவிட்டது, கை இன்னும் ஒன்றுதான். மாவுக்கு எவ்வளவு தண்ணீர், எண்ணெயில் எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதைத் தராசிலும் கடிகாரத்திலும் பிடித்துவிடலாம். சால்னா மசாலாவை ஒரே இடத்தில் அரைத்து, எடை போட்டு இரண்டு கடைக்கும் அனுப்பலாம். வீச்சு அப்படியில்லை. உருண்டையைக் கிழியாமல் வீசி, சுருட்டி, கல்லில் போட்டு எடுத்து, சூடு ஆறுமுன் நாலைந்தை அடுக்கி இரு கையாலும் தட்டி மடல் பிரிப்பது, பக்கத்தில் நின்று பழகினால்தான் வரும். ஆகவே மாஸ்டர் பக்கத்தில் இப்போதே ஓர் ஆளை நிறுத்துங்கள். தன் வேலைக்கே உலை வைக்கிறார்கள் என்று மாஸ்டர் பயப்படுவார். அந்தப் பயம் நியாயமானது. கற்றுத்தருவதற்குத் தனிச் சம்பளமும் புதுக் கடை லாபத்தில் பங்கும் கொடுங்கள். நம் முதலாளிகள் கைசுருக்கம் காட்டும் இடம் இதுதான்.

கே: மத்தளம்பாறையில் ஸோஹோவுக்கு ஆள் கிடைக்கிறது, எங்களுக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை? (பாவூர்சத்திரம் வாசகர்)

ப: அவர்கள் பழக்கி எடுத்தார்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய அந்த மென்பொருள் நிறுவனம், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துச் சொல்லித்தரும் பள்ளியை 2004-லேயே ஆரம்பித்துவிட்டது. 2011-ல் தென்காசிக்கு வந்தபோது ஆறே பேர், வாடகை இடம். வளாகம் அதற்குப் பிறகுதான். ஸோஹோ டெஸ்க் மென்பொருள் இங்கிருந்துதான் வளர்ந்தது. வெளியார் முதலீடு வாங்காததால், மூன்று மாதத்தில் கணக்கைக் கூட்டிக்காட்டு என்று நெருக்க யாருமில்லை. ஆளைப் பழக்கும் பொறுமை அதனால் வந்தது என்பது என் எண்ணம்.

கே: தொழிலில் மச்சானைக் கூட்டுச் சேர்க்கலாமா? (கடையநல்லூர் வாசகர்)

ப: பங்கு எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, விலகினால் கணக்கு எப்படி என்று பத்திரத்தில் எழுதிவிட்டுச் சேருங்கள். தங்கை வீட்டு விருந்துக்கும் நிம்மதியாகப் போய்வரலாம்.

கே: எலுமிச்சை ஊறுகாய் போடுகிறேன். சென்னைக் கடைக்காரர் பத்து மடங்கு ஆர்டர் தருகிறார். பணம் 90 நாள் கழித்து என்கிறார். (புளியங்குடி வாசகி)

ப: எலுமிச்சைக்கு அன்றே ரொக்கம், எண்ணெய்க்கும் பாட்டிலுக்கும் ரொக்கம், வரவு மட்டும் மூன்று மாதம் கழித்தா, அம்மா? ஆர்டர் பெருகப் பெருகக் கையிருப்பு கரையும். லாபத்தில் ஓடும் தொழில்கூட இப்படித்தான் படுத்துவிடுகிறது. முதலில் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு செய்யுங்கள். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் வட்டி உண்டு. கெடு தாண்டினால், பணம் கொடுக்கும்வரை அந்தச் செலவை அவர் வருமான வரியில் கழிக்கவும் முடியாது. இதைப் பணிவாகச் சொல்லி, கால்வாசிச் சரக்கை மட்டும் முதலில் அனுப்புங்கள். அதற்குக் காசு வந்து சேர்ந்த பிறகு அடுத்த ஜாடியைத் திறக்கலாம்.