முளைத்தது வேறு

2019 டிசம்பரில் சின்ன வெங்காயம் கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது, இனி மொட்டை மாடியில் நானே விளைவித்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன்.

"நாலு வெங்காயத்தை ஊனுனா வந்துட்டுப் போவுது" என்றாள் அம்மா. அவளுக்குப் பெரம்பலூர்ப் பக்கம். அங்கே காலங்காலமாக வெங்காயத்தையே நடுகிறவர்கள். நான் விடவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் 'கோ ஆன் 5' விதையிலிருந்தே வரும் ரகம். எக்டேருக்கு டன் கணக்கில் விதைவெங்காயம் வாங்குவதற்குப் பதில் இரண்டு மூன்று கிலோ விதை போதும். என் நிலம் ஆறு வளர்ப்புப் பைதான். அதனால் என்ன, கணக்கு கணக்குதானே!

விதை வந்தது. கறுகறுவென்று, மூலை மூலையாக. வெங்காய விதைக்கு ஆயுசு குறைவு, ஈரமும் ஆகாது. ஆகவே இறுக்கமான கண்ணாடிக் குப்பியில் போட்டுச் சமையலறை அலமாரியில் வைத்தேன். பெயர் எழுதி ஒட்டவில்லை. தெரியாதா என்ன?

தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து விதைத்து, பூவாளியால் தண்ணீர் தெளித்தேன். வெங்காயம் எப்படி முளைக்கும் என்பது எனக்கு மனப்பாடம். கொக்கி மாதிரி வளைந்து மண்ணைக் கீறிக்கொண்டு வரும். பிறகு நிமிரும். உச்சியில் விதைத்தோல் குல்லா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும்.

பன்னிரண்டாம் நாள் முளைத்தது. வளையவில்லை, இரண்டு இலை வேறு. அடுத்து வந்த இலைகள் நூல் நூலாகப் பிரிந்தன. "புது ரகம்" என்றேன். அம்மா ஒன்றைக் கிள்ளி முகர்ந்தாள்.

"வெங்காயத்துக்கு எப்பருந்துடா சோம்புத்தழை?"

விசாரணையில் தெரிந்தது: அலமாரியில் இரண்டு குப்பிகள், இரண்டிலும் கறுப்பு விதை. நான் விதைத்தது கருஞ்சீரகம். மனைவி தலைக்குத் தேய்க்கத் தேங்காயெண்ணெயில் போட்டுக் காய்ச்சியது கோ ஆன் 5.

"அதான் வாசனையே வரலன்னு பார்த்தேன்" என்றாள். பிறகு இரக்கப்பட்டு, "விடுங்க, வெங்காய எண்ணெய்னு கடையில எவ்வளவு விலை சொல்றான் தெரியுமா?"

மறுபடி வாங்கி விதைத்தேன், பெயர் ஒட்டி. இம்முறை ஒழுங்காக வளைந்தே வந்தது. நாற்பத்தைந்தாம் நாள் பிடுங்கி நட்டு, மேலும் மூன்று மாதம் காவல் காத்ததில் இரண்டு கைப்பிடி தேறியது. சாம்பாருக்குப் பத்தாது என்று அம்மா கூடவே கால் கிலோ வாங்கிவரச் சொன்னாள்.

அந்த எண்ணெயையும் வீணாக்கவில்லை. முன்மண்டை எனக்குப் பத்து வருஷத் தரிசு. மனைவி தினமும் சூடு பறக்கத் தேய்த்துவிடுகிறாள். நாற்பது நாள் ஆயிற்று. வளைந்துகூட ஒன்றும் வரவில்லை.