பெறுநர்: மரம்

அமெரிக்கர்களுக்கு மனு எழுதத் தெரியவில்லை. போர்ட்லாண்டில் மகள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகியிருந்த விருத்தாசலத்துப் பெரியவர் அந்த நாட்டில் கண்ட முதல் பெருங்குறை அதுதான். இரண்டாவது காபி. அதைப் பேச ஆரம்பித்தால் கட்டுரை முடியாது.

முப்பத்திநாலு வருஷம் தாலுகா ஆபீஸ் உத்தியோகம். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவர். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் ஆக்கிரமிப்பு, பக்கத்து வீட்டுக்காரனின் முருங்கைக் கிளை என்று அவர் கண்ணில் படாத மனு கிடையாது. ஒரு காகிதத்தைக் கையில் எடுத்தால் முதலில் தேதி, அடுத்து கையெழுத்து, மூன்றாவது இணைப்பு. நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட மனுஷரை அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் "அப்பா, ஒரு மரம் காட்டறேன் வாங்க" என்று காரில் ஏற்றிக்கொண்டு போனாள் மகள்.

போர்ட்லாண்ட் நகரின் வடகிழக்குப் பகுதியில் 7-வது அவென்யூவும் மோரிஸ் தெருவும் சந்திக்கிற முனை. கோயில் கிடையாது, சூலம் கிடையாது, உண்டியலும் கிடையாது. வீடுகள் இருக்கிற சாதாரணத் தெருவில், நடைபாதை ஓரமாக ஒரு ஹார்ஸ் செஸ்நட் மரம். இலவ மரத்து இலையைக் கொஞ்சம் பெரிசாக்கினால் வருமே, அப்படி ஒரு காம்பில் ஐந்தாறு விரல் விரித்த இலை. அடிமரத்தைச் சுற்றியும் கைக்கு எட்டுகிற உயரம் வரைக்கும் நூறு நூறாகச் சீட்டுகள். ஜவுளிக்கடையில் புடவை விலை எழுதித் தொங்கவிடுவார்களே, அந்த மாதிரி அட்டைச் சீட்டு.

2013 நவம்பரில் அந்த மரம் நிற்கிற வீட்டுக்காரம்மா தன் ஆசைகள் சிலவற்றைச் சீட்டில் எழுதி, வாசல் மரத்தில் தொங்கவிட்டிருக்கிறார். கூடவே, வருகிறவர்களும் எழுதட்டும் என்று வெறும் சீட்டுகளும் பேனாவும் வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. முகம் தெரியாதவர்கள் எழுதிக் கட்ட ஆரம்பித்தார்கள், இன்னும் நிறுத்தவில்லை. நம் ஊரில் ஒரு மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றினால் எத்தனை நாளில் கூட்டம் கூடும் என்று பெரியவருக்குத் தெரியும். வெள்ளைக்காரர்கள் அதில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை என்று தெரிந்ததில் அவருக்கு உள்ளூர ஒரு திருப்தி.

விதி மூன்றே வரி. ஆசையை எழுது. மரத்தில் கட்டு. வேறொருவர் சீட்டு ஒன்றைப் படித்து, அது நிறைவேற வேண்டும் என்று நினை.

"அடுத்தவன் மனுவை நாம எதுக்குப் படிக்கணும்?" என்றார் பெரியவர். கேட்டாரே தவிர, அதற்குள் மூக்குக்கண்ணாடி மாட்டிப் பதினைந்து மனுக்களை முடித்திருந்தார். ஒருவருக்கு அம்மாவின் கீமோதெரபி பலிக்க வேண்டும். ஒருத்திக்கு வாடகை கட்டுப்படியாகிற வீடு. ஒரு குழந்தைக்கு நாய், இன்னொன்றுக்கு இரண்டு நாய். யாரோ ஒருவர் உலக சமாதானம் கேட்டுவிட்டு, அதற்குக் கீழேயே ஒரு பெண்ணின் பெயரை எழுதி இதயம் வரைந்திருந்தார்.

"தேதி இல்லை. கையெழுத்து இல்லை. முகவரி இல்லை. நாய் கேட்குது, எந்தத் தெருவுக்கு அனுப்பறது?"

அவர் இப்படிக் குறையை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் மேலேயிருந்து என்னவோ 'டொக்' என்று வழுக்கையில் விழுந்தது. பளபளவென்று, புதுச் செருப்புத் தோல் நிறத்தில் ஒரு கொட்டை. செப்டம்பர், அக்டோபரில் அந்த மரம் முள் ஓட்டோடு கொட்டைகளை உதிர்க்கும். "பாருங்க, ஒப்புகைச் சீட்டு குடுத்துடுச்சு" என்றார் மனைவி. சொல்லிவிட்டுக் குனிந்து முந்தானையில் பத்துப் பதினைந்தைப் பொறுக்கினார். வேகவைத்தால் பலாக்கொட்டை மாதிரி இருக்கும் என்பது அவர் கணிப்பு. "அம்மா, கீழ போடு, அது விஷம்!" என்று மகள் கத்தினாள். உண்மைதான். தின்கிற செஸ்நட் வேறு ஜாதி. இந்தக் கொட்டையை மனுஷர் தின்றால் வயிறு படாதபாடு படும்.

ஊர்க்காரர் என்பதால் பெரியவருக்கு ஒப்பிட்டுப் பார்க்கக் கையோடு ஒரு ஆபீஸ் இருந்தது. விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். முருகன் அங்கே பலிபீட வடிவில் இருக்கிறார், பிராது வாங்குகிறார். பிராது என்றால் நிஜப் பிராது. இன்ன ஊர், இன்னார் மகன், இன்ன குறை என்று வெள்ளைத்தாளில் எழுதி, சுவாமி முன்னால் வைத்து எடுத்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வர வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. ஊரிலிருந்து கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்துப் படிக்காசும் உண்டு. தொண்ணூறு நாளில் தீர்ப்பு கிடைக்கும் என்பது நம்பிக்கை. காரியம் பலித்ததும் திரும்ப வந்து பிராதை ராஜினாமா செய்ய வேண்டும். பெரியவருக்கு அந்தக் கோயிலில் மிகவும் பிடித்த அம்சம் அந்த ராஜினாமாதான். கோப்பு முறையாக முடித்துவைக்கப்படுகிறது. அரசாங்கத்தில்கூட அப்படி நடப்பதை அவர் அதிகம் பார்த்ததில்லை.

"இங்கேருந்து கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டணும்னா படிக்காசு என்ன ஆகும் தாத்தா?" என்றாள் பேத்தி. வயது ஏழு. ஆகாய மார்க்கமாகவே 13,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். பெரியவர் மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

மகள் விடவில்லை. ஜெர்மனியில் ஓய்டீன் ஊருக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு ஓக் மரம், அதற்குத் தபால் முகவரியே உண்டு என்றாள். பெரியவர் நிமிர்ந்தார். 'மாப்பிள்ளை ஓக்' என்று பெயர். வனக்காவலர் ஒருவரின் மகளும் லைப்சிக்கைச் சேர்ந்த ஒரு சாக்லேட் தயாரிப்பாளரும் காதலித்தார்கள். அப்பாவுக்குச் சம்மதமில்லை. அந்த மரத்துப் பொந்துதான் இருவருக்கும் ரகசியத் தபால்பெட்டி. கடைசியில் அப்பா இறங்கிவந்து, 1891 ஜூன் 2 அன்று அதே மரத்தடியில் கல்யாணம். கதை பரவியதும் துணை தேடுகிறவர்களெல்லாம் பொந்துக்கு எழுத ஆரம்பிக்க, 1927-இல் தபால் இலாகா மரத்தை முகவரிதாரராக ஏற்றுக்கொண்டது. தபால்காரர் கடிதங்களைப் பொந்தில் போட்டுவிடுவார். பொந்து சுமார் மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எட்டுவதற்கு ஏணி சாத்தியிருக்கும். யார் வேண்டுமானாலும் ஏறி, எந்தக் கடிதத்தையும் பிரித்துப் படிக்கலாம். மனசுக்குப் பிடித்தால் எடுத்துக்கொண்டு போய்ப் பதில் போடலாம். பிடிக்காவிட்டால் திரும்ப வைத்துவிட வேண்டும், அடுத்தவருக்கு உதவும். இருபது வருஷம் அந்த மரத்துக்குக் கடிதம் கொண்டுபோன தபால்காரருக்கே அந்த மரம் வழியாக ஒரு பெண் எழுதி, கல்யாணமும் நடந்தது.

"இது ஆபீஸ்!" என்றார் பெரியவர். முகவரி இருக்கிறது, தபால் வருகிறது, மனுவின் மேல் நடவடிக்கையும் இருக்கிறது.

2009-இல் அந்த ஓக்குக்கே கல்யாணம் பண்ணிவைத்தார்கள். மணப்பெண் சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி, டுசல்டார்ஃபில் இருந்த ஒரு ஹார்ஸ் செஸ்நட். அரசுக்கும் வேம்புக்கும் தாலி கட்டுகிற ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவுமில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர: நாம் இரண்டையும் ஒரே மேடையில் நட்டுவிட்டுத்தான் கல்யாணம் பேசுவோம். அந்தச் செஸ்நட் சில வருஷத்தில் போய்ச் சேர்ந்தது. ஓக் இப்போது தனிக்கட்டை.

மனு சேரச் சேர ஆபீஸ் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு மரம் சாட்சியாக இருக்கிறது. ஹாங்காங்கில் லாம் ட்ஸுயென் என்ற இடத்து ஆலமரம். வேண்டுதல் எழுதிய தாளை ஒரு ஆரஞ்சுப் பழத்தில் கட்டி வீசி எறிவார்கள். எவ்வளவு உயரக் கிளையில் மாட்டுகிறதோ அவ்வளவு பலன். சீனப் புத்தாண்டு சமயத்தில் ஜனம் முழுக்க ஆரஞ்சு வீசினால் கிளை என்ன செய்யும்? 2005 பிப்ரவரி 12 அன்று ஒரு கிளை முறிந்து விழுந்து ஒரு முதியவருக்கும் ஒரு சிறுவனுக்கும் அடிபட்டது. இப்போது ஆலமரத்துக்கு ஓய்வு. வீசுகிறவர்களுக்கு ஒரு செயற்கை மரமும் பிளாஸ்டிக் ஆரஞ்சும் கொடுத்துவிட்டார்கள்.

யோகோ ஓனோ என்ற கலைஞர் இந்த விஷயத்தில் உஷாரானவர். 1996 முதல் பல நாடுகளில் ஆசை மரம் வைக்கிறார். சேர்ந்த சீட்டுகளை அவ்வப்போது கழற்றி ஐஸ்லாந்துக்கு, அங்கே விதெய் என்ற தீவில் 2007-இல் அவர் எழுப்பிய ஒளிக் கோபுரத்துக்கு அனுப்பிவிடுகிறார். பெரியவர் பாஷையில் பதிவறைக்கு மாற்றம்.

இத்தனையும் கேட்ட பிறகு அவரும் ஒன்று எழுதுவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கே வைத்திருந்த மார்க்கரைத் தொடவில்லை. சட்டைப்பையில் இருந்த மை பேனாவை எடுத்தார். உள்ளங்கை அகலச் சீட்டில் பொடி எழுத்தில் அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் எல்லாம் வந்தது. மூன்று சீட்டு வீணானது. பிப்ரவரிக்கு எடுத்திருந்த திரும்பும் டிக்கெட்டை முன்னுக்கு மாற்றி, மனுதாரர் பொங்கலுக்குள் சொந்த ஊர் போய்ச் சேர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்பட்டது. மகளிடம் நேரில் சொன்னால் மனசு கஷ்டப்படும். மரத்திடம் சொல்லலாம். தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு, யார் கண்ணிலும் படாமல் மரத்தின் பின்பக்கம் கட்டினார்.

மனைவி மார்க்கரால் அரை நிமிஷத்தில் என்னவோ எழுதிக் கட்டிவிட்டு வந்தார்.

"என்ன எழுதினே?"

"உங்களுக்கு எதுக்கு? நீங்க என்ன எழுதினீங்க?"

"பொதுநல மனு" என்றார்.

போர்ட்லாண்டில் மழை என்றால் பெரிய மழை என்று நினைத்துவிடக்கூடாது. வருஷக் கணக்கில் சென்னைக்கு அங்கேயைவிட அதிக மழை. சுமார் 1,400 மில்லிமீட்டருக்கு எதிரே போர்ட்லாண்டில் ஆயிரத்தைக்கூடத் தொடாது. சென்னை அதை நாலு அடைமழையில் கொட்டித் தீர்க்கும். போர்ட்லாண்ட் தன் பங்கை அக்டோபர் முதல் வசந்தம் வரைக்கும் பன்னீர் தெளிக்கிற மாதிரித் தெளித்துக்கொண்டிருக்கும். ஜலதோஷம் பிடித்த வானம் என்பார் பெரியவர்.

நவம்பர் நடுவில், டிக்கெட் பேச்சை வீட்டில் யாரும் எடுக்காததால் மனுவின் நிலையை அறிய விரும்பி, பேத்தியோடு மரத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்றார். மகள் கூட்டிப்போனாள். மனைவியும் வந்தார்.

இலையெல்லாம் கொட்டி, மரம் வெறும் கோப்புகளோடு நின்றது. பின்பக்கம் போய்ப் பார்த்தார். அனுப்புநரும் இல்லை, பெறுநரும் இல்லை. சீட்டு முழுக்க வெளிர்நீல மேகம். முப்பத்திநாலு வருஷத்தில் அவர் எழுதிய எந்தக் குறிப்பும் இப்படிக் கரைந்ததில்லை. 'பொருள்' என்பதில் 'பொ' மட்டும் மிச்சம். சட்டைப்பையைத் தடவிப் பேனாவை எடுத்தார். புதுச் சீட்டில் 'நினைவூட்டு - 1' என்று தலைப்பிட்டார். 'பார்வை: 6 வாரங்களுக்கு முன் இம்மரத்தில் கட்டப்பட்ட மனு' என்று எழுதப்போனபோது பேத்தி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, நீங்க அன்னிக்கு ரூல் செய்யவே இல்ல. வேற ஒருத்தரோடத சத்தமா படிக்கணும். இது தமிழ்ல இருக்கு, படிங்க."

அவள் இழுத்துக் காட்டிய சீட்டில் மார்க்கர் எழுத்து சொட்டு மழைக்கும் அசையாமல் கறுப்பாக நின்றது. தேதி இல்லை. கையெழுத்து இல்லை. எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க அதெல்லாம் தேவையும் இல்லை. நாற்பது வருஷமாக மளிகைச் சீட்டில் பார்க்கிற எழுத்து. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தார்: "டிக்கெட்டை முன்னாடி மாத்தச் சொல்லி இவர் ஆரம்பிக்காம இருக்கணும்."

காரின் பக்கத்தில் குடைக்கு அடியில் நின்றிருந்த மனைவி எதிர் வீட்டுக் கூரையை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சாச்சா?" என்றாள் பேத்தி. "இப்ப அது நடக்கணும்னு நினைச்சுக்கோங்க. கண்ணை மூடி நினைக்கணும் தாத்தா. அதான் ரூல்."

பெரியவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். பிறகு கண்ணையும் மூடினார்.