நாக்கு எனும் இன்ஸ்பெக்டர்

வெள்ளவத்தை வாசகி: பல் நிறத்திலேயே அடைத்துவிட்டு, டொக்டர் அதையே தேய் தேய் என்று தேய்த்தார். மினுக்குவதற்கும் சேர்த்தா காசு?

பதில்: பின்னே! உங்கள் பல்லில் இருப்பது கொம்போசிட். பிசினும் கண்ணாடித் துகளும் கலந்த பசை. நீல வெளிச்சத்தில் இறுகியதும், கடிக்கும்போது இடிக்கும் இடத்தை வைரத்தூள் பதித்த முனையால் சீவுவார்கள். சீவிய இடமெல்லாம் கீறல். பிறகு அலுமினியம் ஒக்சைட் பூசிய குட்டி வட்டுகள், சொரசொரப்பானதில் தொடங்கி மென்மையானது வரை வரிசையாக ஓடும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முதல் வட்டின் கீறலைக் கடைசி வட்டால் அழிக்க முடியாது. நகை மினுக்கும் செட்டியார் தெருப் பத்தருக்கும் இதே கதைதான்.

மேடுபள்ளம் சராசரியாக 0.2 மைக்ரோமீற்றரைத் தாண்டினால் கிருமிப்படலம் கூடுதலாக ஒட்டும் என்பது துறையில் புழங்கும் கணக்கு. தலைமயிர் அதைவிடச் சில நூறு மடங்கு தடிப்பு. கிட்டத்தட்ட 0.3 வந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். அயல்வீட்டுக் கதைக்கு மட்டும் படைக்கப்பட்டதல்ல அது.

வேடிக்கை என்னவென்றால், மெல்லிய பிளாஸ்ரிக் நாடாவை அழுத்தி இறுகவைத்த பரப்புத்தான் ஆக வழுவழுப்பு. ஆனால் அதன் மேல்தோலில் பிசின்தான் அதிகம். பிளேன்ரீ குடிக்கக் குடிக்கக் கறை ஏறும். அதனால் அதைச் சீவி எறிந்துவிட்டு, மறுபடி பாடுபடுகிறார்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்: அந்தக் காலத்து வெள்ளி அடைப்புக்கு இந்தக் கூத்து இல்லையே?

பதில்: இருந்தது. முழுதாக இறுகட்டும் என்று, மினுக்குவதற்கு 24 மணித்தியாலம் கழித்து வரச்சொல்வார்கள். வலி போனபிறகு யார் போனது?