ஃபார்ம் 16 பெரியப்பா

கல்யாண வீட்டில் முதல் சம்பளம் வாங்கிய பிள்ளைகளைப் பெரியப்பா ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். புதுக் கைக்கடிகாரம், புதுச் செருப்பு, காரணமில்லாத சிரிப்பு. மெல்லப் போய்த் தோளில் கை போடுவார். ஊரே "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கும். இவர் கேட்பது கம்பெனி தரும் வரிச் சான்றிதழை, "ஃபார்ம் 16 வந்துடுச்சா?"

இப்படி ஒருவர் இல்லாத குடும்பம் இருக்குமா என்பது சந்தேகம்தான். கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். கையில் மஞ்சப்பை, அதற்குள் ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுக் கட்டுகள். ஒரு காலத்தில் பெங்களூர் வருமான வரி மையத்துக்குத் தபாலில் அனுப்பிய ஒப்புகைத் தாளின் ஜெராக்ஸ்கூட பத்திரமாக இருக்கிறது. ஊருக்கெல்லாம் ஆடி என்றால் தள்ளுபடி. அவருக்கு ஆடிப் பாதியில் வருகிற ஜூலை 31, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள். 2025இல் அந்தக் கெடுவைச் செப்டம்பர் 15 வரை தள்ளிவைத்து, போதாதென்று இன்னும் ஒரு நாளும் கொடுத்தார்களே, அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார்.

ஆனி முகூர்த்தம் ஒன்றில், காலை டிபன் பந்தியில் என் தம்பி மாட்டினான்.

"எனக்கு வரியே கிடையாது பெரியப்பா. நான் எதுக்குத் தாக்கல் பண்ணணும்?"

பெரியப்பா இலையைக் காட்டினார். "ஒரு இட்லி ஒரு லட்சம்னு வச்சுக்கோ. முதல் நாலுக்கு வரி இல்லை. அஞ்சுலேருந்து எட்டு வரைக்கும் நூத்துக்கு அஞ்சு. ஒன்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் பத்து. பன்னெண்டோட நிறுத்திட்டா அந்த வரியையும் தள்ளுபடி பண்ணிடுவான். ஆனா நாலைத் தாண்டுனவன் தின்ன கணக்கைச் சொல்லியே ஆகணும். கெடு தாண்டுனா 5,000 வரைக்கும் தண்டம்."

"பதிமூணாவது தின்னா?"

"தள்ளுபடி போச்சு, அஞ்சாவதுலேருந்து எண்ணுவான். ஒரு விள்ளல்தான் கூடுச்சுன்னா அதுக்குத் தனிச் சலுகை இருக்கு, பயப்படாதே. அப்புறம், சம்பளக்காரனுக்கு 75,000 கழிவு. முக்கால் இட்லி கணக்குலயே வராது."

பரிமாறுகிறவர் வாளியோடு எவ்வளவு நேரம்தான் நிற்பார்? "தம்பிக்கு எத்தனை வைக்கட்டும்?"

"நாலே போதும்ணே" என்றான் தம்பி.

அன்று ராத்திரியே மடிக்கணினியைத் திறக்க வைத்தார். கம்பெனி பிடித்திருந்த 6,000 ரூபாய் அவனுக்குத் திரும்ப வரவேண்டியிருந்தது. சேமிப்புக் கணக்கில் விழுந்த சில்லறை வட்டிகூட வரித்துறையின் தகவல் அறிக்கையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தம்பிக்கு வியர்த்தது. பெரியப்பாவுக்கோ சொந்தப் பிள்ளை முதல் மார்க் வாங்கிய முகம். பன்னிரண்டு வருஷப் பள்ளிப் படிப்பில் தனிவட்டியும் கூட்டுவட்டியும் போட்டவன்தான். வரிப் படிவம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தான்.

சமர்ப்பித்துவிட்டு மூடப்போனவனின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆதார் ஓடிபி போட்டுச் சரிபார்த்தியா? 30 நாளுக்குள்ள அதைப் பண்ணலேன்னா, பேரை எழுதிட்டுக் காலிக் கவரைக் கொடுத்த மொய் மாதிரிதான்!"

ஆவணியில் பணம் வந்துவிட்டது. தம்பி குதித்துக்கொண்டே போன் போட்டான். "பெரியப்பா, பிடிச்சது 6,000. வந்தது 6,150! நூத்தம்பது லாபம்!"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. மஞ்சப்பை சரசரக்கும் ஒலி மட்டும் கேட்டது.

"அது லாபம் இல்லடா, வட்டி. அடுத்த வருஷம் இதர வருமானத்துல காட்டணும். இப்பவே எழுதி வச்சுக்கோ."